பெயரில் மட்டும் அரிசி

காலை 6.40.

சேந்தமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வெளியே, கொல்லிமலையைப் பார்த்தபடி நிற்கும் சந்திரசேகரின் ஜவ்வரிசி ஆலை. விருந்தினர் அறைக்கு வெந்நீர் வேண்டுமா என்று கேட்கப் போன வாட்ச்மேன் பெரியசாமி, கேட்காமலே திரும்பி ஓடி வந்தார். இந்தூரிலிருந்து வந்திருந்த மொத்த வியாபாரி ஈஸ்வர் சேட், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே தரையில் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். மூச்சு இருந்தது. நினைவு இல்லை.

காலை 7.25. நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. வயிற்றைக் கழுவிவிட்டு வெளியே வந்த டாக்டர், விஷம் என்று ஒரே சொல்லில் முடித்தார். பிழைப்பாரா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

காலை 8.50. எஸ்.ஐ. உஷாராணி ஆலைக்குள் நுழைந்தார். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்பது அவர் வழக்கம். முதல் தடவை பதிலுக்காக, இரண்டாம் தடவை முகத்துக்காக. கூட வந்த ஏட்டு வீரனுக்கு இந்த வழக்கம் அலுத்துப் போய் ஆறு வருடம் ஆகிறது.

விருந்தினர் அறை பினாயில் வாசனையில் பளிச்சென்று இருந்தது. உஷாராணிக்கு முதல் கோபம் அங்கேயே வந்தது.

"யாரு கழுவச் சொன்னது?"

பெரியசாமி ஓர் அடி பின்னால் போனார். "சின்ன மொதலாளிதானுங்க. சேட்டு மரியாதப்பட்ட மனுசன், ஆளுங்க வந்து வேடிக்க பாக்கற மாதிரி அப்படியே கெடக்க உடலாமான்னு சொன்னாருங்க. எனக்கும் அது சரின்னு பட்டுதுங்க."

மேசையில் ஒரு டம்ளர். அடியில் ஒரு விரல் அளவு பால், அதற்கும் அடியில் சாம்பல் நிறத்தில் கரையாத தூள். பக்கத்தில் ஒரு நோட்டு. கட்டிலுக்குக் கீழே சேட்டின் பயணப் பை. பையில் துணிமணி, துளசி மாலை, மாத்திரைகள். பையைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து நாலைந்து ஜவ்வரிசி மணிகள் தரையில் உருண்டன. உஷாராணி அவற்றைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். ஜவ்வரிசி ஆலைக்கு வருகிறவர் இந்தூரிலிருந்து ஜவ்வரிசியை எதற்குச் சுமந்து வர வேண்டும்?

ஆலையின் சமையலறை நாற்பது அடி தள்ளி இருந்தது. மேல் தட்டில் எலி மருந்துப் பொட்டலம், வாய் பிரிந்திருந்தது. வீரன் அதைப் பார்த்துவிட்டு உஷாராணியைப் பார்த்தார். வழக்கு முடிந்துவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சமையல்காரி அத்தாயிக்கு ஐம்பது வயது இருக்கும். பதினேழு வருடமாக ஆலையின் நாற்பது தொழிலாளிகளுக்கும் சோறு போடுகிறவர். கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். கையில் ஈரம் இல்லை.

"நேத்து ராத்திரி சேட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஜவ்வரிசிக் கிச்சடிங்க, அம்மிணி. பெரிய மொதலாளி போன்ல சொன்னாருங்க. ஊற வெச்சு, கடலக்கா வறுத்து இடிச்சுப் போட்டு, பச்சமொளகா, உருளக்கெழங்கு போட்டனுங்க."

"யாரு கொண்டு போனது?"

"கிச்சடி டப்பாவ சின்ன மொதலாளி வாங்கிட்டுப் போனாருங்க. நான் ஊட்டுக்குப் பொறப்பட நேரமாச்சுன்னு பாலை முன்னாடியே கொண்டுபோய் மேசைல மூடி வெச்சுட்டு வந்துட்டனுங்க. சேட்டு குளிச்சுட்டு இருந்தாருங்க. தண்ணி சத்தம் கேட்டுது."

"எலி மருந்து?"

"குடோன்ல எலி. இங்கயும் எலி. ஆலை பூராவும் ஆளுக்கொரு பொட்டலம் குடுத்திருக்காங்க." அத்தாயி பொட்டலத்தைப் பார்த்தார், அப்போதுதான் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது. "சாமி, நான் சோறு போடறவ. என்னைப் பாத்து இதக் கேக்கறீங்களே."

உஷாராணி கேட்கத்தான் செய்தார், இரண்டாம் தடவையும். பதில் மாறவில்லை. ஆனால் பாலைத் தொட்டது அத்தாயி ஒருவர்தான். விஷம் இருப்பதும் பாலில்தான்.

காலை 10.15. சந்திரசேகரின் மாப்பிள்ளை, ஆலைக்குச் சின்ன முதலாளி, சரவணக்குமார் அலுவலக அறையில் உட்காரச் சொல்லி, மின்விசிறியைத் தன் பக்கமிருந்து போலீஸ் பக்கம் திருப்பி வைத்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் குடும்பம். கல்யாணமாகி இரண்டு வருடம். கிழங்கு வாங்குவது, மிஷின், ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வடக்கு வியாபாரம் மட்டும் முழுக்க மாமனார் கையில். சேட்டுகளோடு இந்தியில் சிரித்துப் பேசுவதும் மாமனார்தான்.

"எட்டு மணிக்குக் கிச்சடிய எடுத்துட்டுப் போனேன் மேடம். சேட்டு துண்டு கட்டிட்டு உக்காந்திருந்தாரு. மூடியத் தொறந்து பாத்துட்டு, அய்யோ, இன்னிக்கு ஏகாதசி, அரிசி ஐட்டம் தொட மாட்டேன்னுட்டாரு. பாலு மட்டும் போதும்னாரு. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்."

"கிச்சடிய என்ன பண்ணுனீங்க?"

"நாய்க்குக் கொட்டிட்டேன்." ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். களத்து ஓரம் ஒரு செவலை நாய் காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. "பாருங்க, கல்லு மாதிரி இருக்குது. கிச்சடில ஒண்ணும் இல்ல மேடம். அத்தாயக்கா அப்படிப்பட்டவங்கன்னு நானும் நெனக்கல. ஆனா அந்தப் பாலு..." முடிக்காமல் விட்டார். முடிக்காமல் விட்டதுதான் அதிகம் பேசியது.

ஏகாதசியன்று அரிசி ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். வீரன் தலையாட்டினார். உஷாராணி எழுதிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்டதற்கும் சரவணக்குமார் அதையே, அதே வரிசையில், அதே பெருமூச்சோடு சொன்னார். அந்தப் பெருமூச்சு உஷாராணிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கெல்லாம் கைது செய்ய முடியாது.

காலை 11.30. ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சந்திரசேகர் நேராக மருத்துவமனைக்கு வந்திருந்தார். போனில் குரல் உடைந்து வந்தது. ஈஸ்வர் முப்பது வருடச் சிநேகம் என்றார். ஏகாதசி தவறாமல் விரதம் இருப்பவர் என்றார். அத்தாயியிடம் கிச்சடி செய்யச் சொன்னது தான்தான் என்றார். சேட் இந்தத் தடவை முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாராம். நேரில் ஒன்று காட்ட வேண்டும், போனில் சொல்கிற விஷயம் இல்லை என்றாராம். அந்த நோட்டு என்ன என்று உஷாராணி கேட்டார்.

"அது எங்க ரெண்டு பேர் கிறுக்குங்க. ஜவ்வரிசிங்கற ஒரு வார்த்தை எந்தெந்த பாஷைல எப்படி ஆச்சுன்னு ஒரு வருசமா எழுதறோம். புதுப் பாக்கெட்டுக்குப் பின்னால அச்சடிக்கலாம்னு."

மதியம் 12.10. உஷாராணி வேப்பமர நிழலில் ஜீப்பில் சாய்ந்துகொண்டு அந்த நோட்டைப் பிரித்தார். சேட்டின் தமிழ், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கமிஷன் மண்டிகளில் முப்பது வருடம் கற்றது. இலக்கணம் அதன் வழியில் போக, சேட் தன் வழியில் போயிருந்தார்.

'மலாய்க்காரன் சாகு சொல்றான். அது பனை மாதிரி ஒரு மரம். வெட்டி, நடுத் தண்டில் மாவு எடுப்பான். வெள்ளைக்காரன் அதைக் கேட்டு சேகோ ஆக்கினான். சேலத்துக்காரன் ஆலைக்கு சேகோ பேக்டரி சொல்றான், வீட்டில் பாயசத்துக்குச் சொல்ல மாட்டான்.'

'தமிழ்: ஜவ்வரிசி, சவ்வரிசி. ஜாவா தீவு அரிசி என்று சில பேர். சாகு அரிசி என்று சில பேர். சந்திரசேகர் ஜாவா கட்சி. நான் சாகு கட்சி. சண்டை முடியவில்லை.'

'தெலுங்கு: சக்குபிய்யம். பிய்யம் என்றால் அரிசி. கன்னடம்: சப்பக்கி. அக்கி என்றால் அரிசி. மலையாளம்: சவ்வரி. அரி என்றால் அரிசி. நாலு வீட்டுக்காரனும் அரிசி சொல்றான், உள்ளே ஒரு அரிசி கிடையாது.'

'மரமும் கிடையாது. இங்கே குச்சிக்கிழங்கு, மரவள்ளி. அது தென் அமெரிக்கா சரக்கு, போர்த்துகீசியன் கப்பலில் வந்தது. உலக யுத்தத்தில் வெளிநாட்டு சேகோ நின்றது, சேலத்துக்காரன் கிழங்கில் செய்து காட்டினான். அப்போது மரத்தின் பெயர் கிழங்குக்கு வந்தது.'

உஷாராணிக்குத் தன்னை மறந்து சிரிப்பு வந்தது. தினமும் பார்க்கிற சாமான். ஜாவாவும் சந்தேகம், அரிசியும் பொய், மரமும் பொய். அவர் விசாரிக்கிற ஆட்களே தேவலாம் போலிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இந்தி. 'சாபூதானா. தானா என்றால் மணி, முத்து மாதிரி. எங்க வீட்டில் இந்த வார்த்தை காதில் விழுந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அம்மாவுக்கு அன்றைக்கு விரதம் என்று அர்த்தம்.' அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. உஷாராணி நோட்டை மூடினார். அவர் கவனம் பையிலிருந்து உருண்ட மணிகளின் மேலேயே இருந்தது.

மதியம் 12.50. இன்ஸ்பெக்டர் போன் செய்தார். பாலில் விஷம், பால் வைத்தது அத்தாயி, மருந்து இருந்தது அவர் சமையலறையில். வேறென்ன வேண்டும்? பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்வது சிக்கல். அதனால் ஐந்தரைக்குள் கையெழுத்துப் போட்டு அழைத்து வா என்றார்.

மதியம் 1.10. சாப்பாட்டு மணி அடித்தது. அத்தாயி விடிகாலையில் வடித்து வைத்த சோறும் குழம்பும் அப்படியே இருந்தன. தொழிலாளிகள் வாசலில் கூடி, யாரோ பைக்கில் வாங்கி வந்த புரோட்டாப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். சமையலறைப் படியில், பெண் போலீஸ் பக்கத்தில், அத்தாயி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உஷாராணி அருகே போனதும் நிமிர்ந்தார்.

"ஜெயிலு பெருசில்லைங்க, அம்மிணி. பசிச்சவன் என் சோத்தப் பாத்து ஒதுங்கிப் போறான் பாருங்க. வெளிய வந்தாலும் இனி எங்கையில எவன் சாப்புடுவான்? எனக்கு வேற என்னங்க தெரியும்?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் உஷாராணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் 1.40. குடோன் வாசலில் மூன்று லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. நாலாவது லாரி உள்ளே வர இடமில்லாமல் ரோட்டில் ஹாரன் அடித்தது. ஜீப்பை எடுக்க முடியாமல் வீரன் சத்தம் போட்டார். பெரியசாமி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார்.

"இந்த ஆவணிக் கடைசில இப்படித்தானுங்க. நவராத்திரி லோடு. எல்லாம் வடக்க போறது."

"நவராத்திரிக்கு எதுக்கு ஜவ்வரிசி?" என்றார் வீரன். "சுண்டலுக்குக் கடலைதான வேணும்?"

"நமக்கென்ன தெரியுமுங்க. மாசிலயும் இப்படித்தான், சிவராத்திரிக்கு முந்தி லாரி நிக்க எடம் இருக்காது."

உஷாராணி ஜீப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். நவராத்திரி. சிவராத்திரி. அம்மாவுக்கு விரதம், பிள்ளைகளுக்குக் குஷி. பட்டினி கிடக்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு எதற்குக் குஷி?

அவர் சந்திரசேகருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வர அரை நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு வீரனிடம் இரண்டு வேலை சொன்னார். விருந்தினர் அறைக் குளியலறைச் சாக்கடையின் கம்பி வலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காலையில் பின் குடோனில் கண்ணில் பட்ட, தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீரன் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் வேலையைத் தொடங்கினார்.

மாலை 4.20. அலுவலக அறை. சந்திரசேகர் வந்திருந்தார், ஒரே நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எதிரே சரவணக்குமார். கதவோரம் அத்தாயியும் பெரியசாமியும்.

உஷாராணி சரவணக்குமாரிடம், நேற்று சேட் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை. அவர் சலித்துக்கொண்டே சொன்னார். ஏகாதசி. அரிசி. தொட மாட்டேன். பாலு போதும்.

சந்திரசேகர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"ஈஸ்வர் அப்படிச் சொன்னாரா? கிச்சடி வேண்டாம்னா?"

"ஆமா மாமா. விரதமாச்சே."

"விரதம்னுதான் கிச்சடியே பண்ணச் சொன்னேன்."

உஷாராணி பேசினார். குரல் உயரவில்லை.

"விரதத்தன்னிக்கு வடக்க தானியம் சாப்பிட மாட்டாங்க. அரிசி இல்ல, கோதுமை இல்ல, பருப்பு இல்ல. இது கிழங்குல செஞ்சது, தானியம் இல்ல. அதனால அன்னிக்கு அவங்க சாப்பிடறதே இதத்தான். நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் உங்க வாசல்ல லாரி நிக்கிறது அதனாலதான். நாள் பூரா வெறும் வயிறா இருந்த மனுசன், அவருக்காகவே செஞ்ச, அவர் சாப்பிடக்கூடிய ஒரே சாப்பாட்டத் திருப்பி அனுப்பினாருன்னு சொல்றீங்க. இந்தப் பொய்ய ஒரு இந்தூர்க்காரர் சொல்லியிருக்க மாட்டாரு. பேர்லயே அரிசிய வெச்சுட்டு வளந்த நாமதான் சொல்லுவோம். நீங்க சொன்னீங்க. நானும் நம்பி எழுதிக்கிட்டேன்."

சரவணக்குமார் சிரிக்கப் பார்த்தார். "மேடம், எனக்கென்ன தெரியும்? அவர் சொன்னத..."

"சொல்லல. சாப்பிட்டாரு." உஷாராணி ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். உள்ளே இடித்த நிலக்கடலைத் துண்டுகளும், ஒரு பச்சைமிளகாய் வளையமும், கண்ணாடி போல வெந்த சில ஜவ்வரிசி மணிகளும். "அறையக் கழுவின தண்ணி போன சாக்கடை வலைல இருந்துச்சு. பாலு மட்டும் குடிச்சவர் வாந்தில கடலக்கா எப்படி வந்துச்சு?"

மீதியையும் அவரே சொன்னார். சேட் கொண்டு வந்தது ஒரு மாதிரிப் பொட்டலம். இந்த ஆலையிலிருந்து போன சரக்குதான். பையிலிருந்து உருண்ட மணிகளில் ஒன்றை ஊறவைத்துப் பார்த்தபோது கரைந்து கூழாகிவிட்டது. பின் குடோனில் தார்ப்பாய்க்குக் கீழே மக்காச்சோள மாவு மூட்டைகள். கிழங்கு மாவோடு கலந்து, முப்பது வருடம் நம்பி வாங்கியவர் தலையில் கட்டியாகிவிட்டது. மாமனார் காலையில் வந்ததும் காட்டப் போகிறேன் என்று சேட் சொல்லியிருக்கக்கூடிய ஆள் அன்று ஆலையில் சரவணக்குமார் ஒருவர்தான். அவகாசம் ஒரே இரவு. கிச்சடி டப்பா சமையலறையிலிருந்து அறைக்குப் போகும் அந்த நாற்பது அடியில் குடோனில் இருந்த எலி மருந்து அதில் சேர்ந்தது. காரமும் கடலையும் ருசியை மறைத்தன. பிறகு அவர் திரும்பி வந்து பார்த்தபோது சேட் விழுந்து கிடந்தார். டப்பாவையும் மாதிரிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, மீதமிருந்த பாலில் ஒரு சிட்டிகை மருந்தைப் போட்டார். தான் தொட்டதைச் சுத்தமாக்கி, அத்தாயி தொட்டதை விஷமாக்கியாயிற்று. பொட்டலத்தை அவசரத்தில் உருவியபோது நாலைந்து மணிகள் சிந்தியதைப் பார்க்கவில்லை.

"அந்த நோட்டு மேசைலதான் இருந்துச்சு," என்றார் உஷாராணி. "வார்த்தைக் கிறுக்குன்னு விட்டுட்டீங்க. கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சிருந்தா வேற பொய் யோசிச்சிருப்பீங்க."

சரவணக்குமார் மாமனாரைப் பார்த்தார். சந்திரசேகர் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அவன் என் பொண்ணு கல்யாணத்துல பந்தில நின்னு பரிமாறுனவன்டா," என்று மட்டும் சொன்னார். சரவணக்குமார் சலவைக்குப் போட்ட துணி மூட்டைக்குள் இருந்து கிச்சடி டப்பாவை எடுத்து வந்த வீரன், அவர் தோளில் கை வைத்தார்.

மாலை 5.50. மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. சேட் கண் திறந்துவிட்டார். பேச்சு நாளைக்குத்தான் வருமாம், ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது. உஷாராணி அத்தாயியிடம், நீங்கள் போகலாம் என்றார். ஒரு மன்னிப்பும் சொல்ல நினைத்தார். அதைச் சொல்லும் வழக்கம் போலீஸில் இல்லாததால் தடுமாறினார். அதற்குள் அத்தாயி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

காலையில் வடித்த சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டினார். பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தார். அடுப்பை மூட்டி, ராத்திரி ஷிப்ட்டுக்குக் கோதுமை ரவை உப்புமா கிண்டத் தொடங்கினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

மாலை 6.45. மணி அடித்தது. தொழிலாளிகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சமையலறை வாசலுக்கு நாலடி முன்னால் நின்றார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கால் எழவில்லை. மதியம் புரோட்டா தின்ற வெட்கமா, மிச்சம் இருக்கிற பயமா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அத்தாயி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குப் பின்னால் நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. உஷாராணி முன்னே நகர்ந்தார். ஒரு போலீஸ்காரி தின்று காட்டி ஊருக்கு நிரூபிக்கிற கொடுமையும் வேண்டுமா என்று தோன்றி, அங்கேயே நின்றுவிட்டார்.

பெரியசாமி தட்டை எடுத்தார். போய் நின்றார். அத்தாயி ஒரு கரண்டி வைத்தார். அவர் அங்கேயே நின்றபடி ஒரு வாய் போட்டு மென்றார். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா," என்றார் பெரியசாமி. "உப்பே இல்லையே."

அத்தாயி நிமிர்ந்தார். கண் தளும்பி வழிந்தது, குரல் மட்டும் பழைய குரலாகவே வந்தது.

"இருக்கறதத் தின்னுட்டுப் போடா. பின்னால ஆளு நிக்கிறாங்க."

பின்னால் ஆள் நின்றார்கள்.